உப்புப் போடாத பீன்ஸ் சட்டி

நான் சமையல்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரியில் நான் பட்டதில் பாதி வியாதியால் வந்தது, மீதிப் பாதி நான் சமையல்காரனாக இருந்ததால் வந்தது. இருதய வியாதிக்காரர் யாராவது இதைப் படித்தால் அந்த மீதிப் பாதியில் இருந்தாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சூசை. நிலக்கோட்டைக்கும் கொடைரோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே மாதா கோயில் சாமியார் குடியிருந்த பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் குசினியில் சமையல் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே சாமியாருக்கு. அவர் பிரான்சு தேசத்தில் தெற்கே ஏதோ ஒரு ஊர்க்காரர். நம் ஊர் வெயிலையும் கொசுவையும் காரத்தையும் பொறுத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அவர் ஊர் பீன்ஸ் சட்டி வேண்டும். அவர் பாஷையில் அதற்குக் கசூலே என்று பெயர்.

வெள்ளைப் பீன்ஸை ராத்திரி ஊறப்போட்டு, உப்பில் கிடந்த பன்றிக்கறி, வாத்துக்கால் எல்லாம் சேர்த்து, மண்சட்டியில் அரை நாள் தணலில் விட வேண்டும். மேலே ஒரு பொருக்கு கட்டும். அதைக் கரண்டியால் உள்ளே அமுக்கிவிட்டால் மறுபடி கட்டும். மறுபடி அமுக்க வேண்டும். பீன்ஸ் கொடைக்கானலில் இருந்து பஸ்ஸில் வந்துவிடும். உப்புப் பன்றிக்கு எங்கே போக? நம் உப்புக்கண்டத்தைப் போட்டேன். சாமியார் முதல் வாய் வைத்ததும் கண்ணைத் துடைத்தார். காரம் கூடிவிட்டதோ என்று பயந்தேன். அவர் அம்மா ஞாபகமாம்.

அவர் இறந்த பிறகு வந்தவர்கள் நம் பக்கத்துச் சாமியார்கள். ரசமும் துவையலும் போதும் என்றார்கள். கசூலே என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அதுதான். அன்றைக்கு என் மனைவி லூர்துமேரியை அடுப்படிப் பக்கம் விடமாட்டேன். "ஒனக்கு இதெல்லாம் வராது, போ" என்பேன். அவளும் போய்விடுவாள்.

வியாதி காலில் ஆரம்பித்தது. சாயந்திரம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து, எழும்ப நேரம் எடுக்கும். கோயில் படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. வாயு என்று நானே முடிவு கட்டினேன். பூண்டைச் சுட்டுத் தின்றேன், ஓமத்தைக் கொதிக்க வைத்துக் குடித்தேன். லூர்து டாக்டர் என்ற வார்த்தையை எடுத்தாலே எனக்குக் கோபம் வரும். ஒருநாள் விடியும்போது படுக்கவே முடியவில்லை. முதுகு பாயில் பட்டால் நெஞ்சுக்குள் தண்ணீர் களக் களக்கென்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் மூச்சு வருகிறது. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. நிலக்கோட்டையில் பூ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போகும் வேன்காரனை லூர்து கையைக் காட்டி நிறுத்தினாள். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். அம்புட்டு வாசத்தையும் உள்ளே இழுக்க எனக்கு மூச்சு இல்லை.

திண்டுக்கல் தனி மாவட்டம் ஆன புதிது. ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருவர், "கலெக்டர் வந்துட்டாரு, டாக்டருதான் இன்னும் வரல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கப் போய் இருமலாக வந்தது. நெஞ்சில் சில்லென்று பசையைத் தடவி, ரப்பர் குமிழிகளை ஒட்டி, ஒரு மிஷினில் கோடு கோடாகப் படம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் மூச்சை அடக்கச் சொன்னார். அடக்க மூச்சு இருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று கேட்க நினைத்தேன். அதற்கும் மூச்சு இல்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் ஃபெயிலியர்" என்றார். பெயில் என்றால் எனக்குத் தெரியும். லூர்துவுக்கும் தெரியும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் பதறிப்போய், "நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா" என்று விளக்கினார். இருதயம் தோட்டத்து மோட்டார் மாதிரியாம். என்னுடையது வீங்கித் தளர்ந்துவிட்டது. வருகிற ரத்தத்தை முழுக்க இறைத்துத் தள்ள முடியவில்லை. அதனால் தண்ணீர் பின்னால் தேங்குகிறது. காலில் தேங்கினால் வீக்கம், நுரையீரலில் தேங்கினால் மூச்சுமுட்டல்.

"உப்பு இருக்கிற எடத்துல தண்ணி நிக்கும். அதனால உப்பு ஒரு கல்லுகூட கூடாது. தண்ணி ஒரு நாளைக்கு மூணு டம்ளர். நீர் பிரியிறதுக்கு ஊசி போடுறோம். தினம் காலையில எடை பாப்போம். உங்க உடம்புல ஏழெட்டுக் கிலோ வெறும் தண்ணி. அது வடியணும்."

"வடியலைன்னா?" என்று லூர்து கேட்டாள்.

"பத்து நாள் பாப்போம். வடியாம நுரையீரலுக்குள்ள ஏறிடுச்சுன்னா எங்க கையில ஒண்ணும் இல்ல."

அன்றிலிருந்து எங்கள் உலகம் வார்டு வாசலில் இருந்த எடை மிஷின்தான். முதல் நாள் அறுபத்தெட்டு கிலோ.

பக்கத்துக் கட்டிலில் காதர் பாய். பேகம்பூர்க்காரர். தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டவர். அவருக்கு ரத்தக்கொதிப்பு. "என்னண்ணே நியாயம் இது?" என்பார். "தோலுக்கு உப்பப் போட்டா உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய ஓடியாந்துரும். மனுசன் தின்னா மட்டும் உள்ளயே நின்னுக்குமாம். செத்த பெறகுதான் உப்பு நமக்கு ஆகும் போல."

ஆஸ்பத்திரியில் உப்பில்லாக் கஞ்சி கொடுத்தார்கள். வாயில் வைத்தேன், துப்பினேன். பசிக்காக முழுங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாக்கை வைத்துப் பிழைத்தவனுக்கு அது லேசில்லை. இரண்டு நாள் வெறும் பாலில் கிடந்தேன். எடை அறுபத்தாறுக்கு இறங்கியது. டாக்டருக்குச் சந்தோஷம், ஆனால் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு தாங்காது என்றார். லூர்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எதயாச்சும் சொல்லுங்க, ஆக்கிட்டு வாரேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கசூலே ஞாபகம் வந்தது. கறியை எடுத்துவிட்டால் என்ன? வெள்ளைப் பீன்ஸுக்கு இயல்பாகவே ஒரு தித்திப்பு உண்டு. பூண்டை முழுசாகப் போட்டு, சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, தக்காளியைச் சுண்டவிட்டு, கிராம்பு ரெண்டு, பிரிஞ்சி இலை ஒன்று. பொருக்குக்கு ரொட்டித்தூள் வேண்டாம், அதில் உப்பு இருக்கும், அரிசி நொய்யை வறுத்துத் தூவலாம். புளிப்பும் சுண்டிய ருசியும் சேர்ந்து நாக்கை ஏமாற்றிவிடும். டாக்டரிடம் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். அவர் தலையாட்டி, "பிரமாதம். பீன்ஸ் ரொம்ப நல்லது. உப்பு மட்டும் வேண்டாம்" என்றார். வியாதி வந்ததில் இருந்து அன்றுதான் நான் மனுஷனாக இருந்தேன்.

லூர்துவின் தம்பி அந்தோணி வீடு திண்டுக்கல் ஊருக்குள்ளேயே இருந்தது. அவள் அங்கே தங்கிச் சமைத்தாள். இத்தனை வருஷம் அடுப்படிக்குள் விடாதவளுக்கு இப்போது கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினேன். "பொருக்க ஏழு தரம் அமுக்கணும், ஆறு இல்ல." அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு போவாள். முதல் நாள் தூக்குவாளியைத் திறந்தபோது வார்டே திரும்பிப் பார்த்தது. சாப்பிட்டேன். பாய்க்கும் ஒரு கரண்டி கொடுத்தேன். "உப்பே இல்லையா? பொய் சொல்றீக" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியமும் அதுவே, ராத்திரியும் அதுவே.

மறுநாள் எடை அறுபத்தாறரை.

அதற்கு மறுநாள் அறுபத்தேழு. ஊசியைக் கூட்டினார்கள். பாத்திரத்தில் நீரை அளந்து அளந்து எழுதிவைத்தார்கள். தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். மூன்று டம்ளர் தண்ணீரை மடக்கு மடக்காகப் பிரித்து நாள் முழுக்க ஓட்டுவேன். உதடு வெடித்தது. லூர்து ஈரத்துணியால் துடைப்பாள், நான் அந்தத் துணியைச் சப்பப் பார்ப்பேன், அவள் பிடுங்கிக்கொள்வாள். இவ்வளவும் பட்டுவிட்டுக் காலையில் மிஷினில் ஏறினால் முள் மேலேதான் போகிறது. வீக்கம் முழங்காலைத் தாண்டியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தவனுக்கு இப்போது சாயவே முடியவில்லை. கட்டில்மேல் என் முன்னால் ஒரு ஸ்டூலை வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். சாவுக்குப் பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவனாவது கையைக் காலை அடிப்பான். நான் அசையாமல் உட்கார்ந்து என் சொந்தத் தண்ணீரிலேயே மூழ்கிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் டாக்டர் லூர்துவைப் பார்த்து, "அம்மா, உண்மையைச் சொல்லுங்க. உப்புப் போடுறீங்களா? பாவமேன்னு ஒரு சிட்டிகை?" என்றார்.

"இல்லைங்க சாமி."

"அப்போ எடை எப்படி ஏறுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முப்பது வருஷம் கூட இருந்தவள், பொய் பேசத் தெரியாதவள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மூச்சு முட்டிய கோபம், பயம், எல்லாம் சேர்ந்து அவள்மேல் திரும்பியது. டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், அந்தோணி நிற்கிறான். "இவ கை சும்மா இருக்காது டாக்டர். சட்டியப் பாத்தா உப்பு மரவையத் தேடுற கை. பாசம் காட்டுறாளாம். என்னயக் குழிக்குள்ள எறக்கிட்டுத்தான் ஓய்வா" என்றேன். இவ்வளவு சொல்ல எனக்கு எங்கிருந்து மூச்சு வந்தது என்று தெரியவில்லை.

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காதர் பாய் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். 

அவள் வராமல் இருக்கவில்லை. வந்தாள், ஊட்டினாள், துடைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. நான் தூக்குவாளியைத் திறந்ததும் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பேன், உப்பு இருக்கிறதா என்று. அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். உப்பு இல்லை. இருந்தும் மறுநாள் எடை அறுபத்தெட்டரை. வந்த அன்றைக்கு இருந்ததைவிட அதிகம்.

ஒன்பதாம் நாள் வார்டு நர்ஸ், வயசான சிஸ்டர் அவர், லூர்துவிடம் ஒரு காரியம் சொன்னார். "நாளைக்குச் சமைக்கப் போறத இங்க கொண்டாம்மா. சட்டி, எண்ணெய், தண்ணி, எல்லாம். நீ எப்படி ஆக்குவியோ அதே மாதிரி வரிசையா எடுத்து வச்சு எங்களுக்குச் சொல்லு."

மறுநாள் அவள் இரண்டு பையோடு வந்தாள். என் கட்டில் ஓரத்துப் பெஞ்சில் ஒவ்வொன்றாக வைத்தாள். படியில் பீன்ஸ், பூண்டு, வெங்காயம், தக்காளி, நல்லெண்ணெய்ப் புட்டி, பொட்டலத்தில் கிராம்பு, இலை, வறுத்த நொய், ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர். கடைசியாகச் சேலைத் தலைப்பில் துடைத்து ஒரு சின்னப் பாட்டிலை வைத்தாள். உள்ளே வெள்ளையாகத் தூள்.

டாக்டர் அதைத்தான் எடுத்தார். "இது என்ன? உப்பா?"

"இல்லைங்க. ஆப்பச்சோடா. ஊறப்போடயில ஒரு கரண்டி, வேகப்போடயில ஒரு கரண்டி. இல்லாட்டி இந்தூருத் தண்ணிக்குப் பீன்ஸு வேகாதுங்க."

டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். உப்பில் கெடுதல் செய்வது எதுவோ அதே சரக்குதான் ஆப்பச்சோடாவிலும் இருக்கிறதாம். அதற்கு சோடியம் என்று பெயர். நாக்குக்குக் கரிக்காது, உடம்புக்குள் போய்த் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதில் மட்டும் குறை வைக்காது. நான் தினம் இரண்டு வேளை, கரண்டி கரண்டியாக அதைத் தின்றிருக்கிறேன். செம்புத் தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்த்தார். முகம் சுளித்தார். அதுவும் உப்புத் தண்ணீர்தான்.

"சோடாவை யார் போடச் சொன்னது?" என்றார்.

லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நானும் செத்த நேரம் திறக்கவில்லை. மூச்சு முட்டியது, அதனால் பேசவில்லை என்று இன்றைக்கு எழுதலாம், யாருக்குத் தெரியும். அது பொய். பழி அவள்மேலேயே இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகுதான், "நான்தான்" என்றேன்.

திண்டுக்கல் சீமையில் பாதிக் கிணறு உவர்ப்பான சப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, பயறு வேகாது. ஒரு சிட்டிகை சோடா போடாத குசினிக்காரன் இந்தப் பக்கத்தில் கிடையாது. கொடைக்கானல் பீன்ஸ் கல்லு மாதிரி, அதற்குக் கரண்டிக் கணக்கு. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் போட்டேன். டாக்டரிடம் அன்று பூண்டில் இருந்து கிராம்பு வரைக்கும் ஒப்பித்தவன் சோடாவைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது ஒரு சாமான் என்றே எனக்குத் தோன்றவில்லை. சமையலைச் சொல்லும்போது விறகையும் சேர்த்தா சொல்வார்கள்?

அன்றோடு சோடா நின்றது. குழாயில் ஆத்தூர் அணையின் நல்ல தண்ணீர் வரும் நாளில் அந்தோணி சைக்கிளில் இரண்டு குடம் பிடித்து வந்தான். அதில் பீன்ஸ் வெந்தது, நேரம்தான் ரெண்டு மடங்கு. எடை அறுபத்தெட்டு, அறுபத்தேழு, அறுபத்தஞ்சு என்று இறங்கியது. அறுபத்தொன்றில் வீட்டுக்கு அனுப்பினார்கள். காதர் பாய் எனக்கு முன்னாலேயே போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்கண்ணே" என்றார்.

குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், அந்தச் சோடாவால் என் இருதயம் இன்னும் கெட்டுப்போனதா என்று. "தளர்ந்தது முன்னாடியே தளர்ந்ததுதான்" என்றார். அந்தப் பத்து நாள் பாரத்தில் இன்னும் கொஞ்சம் தளர்ந்ததா என்று கேட்டேன். அவர் மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். இந்த மோட்டாரைக் கழற்றி மாற்ற முடியாது. ஓடுகிற வரைக்கும் ஓடும். வீட்டுக்குள் இருந்து வாசல்வரை நடப்பேன், உட்காருவேன். திரும்பி வருவேன், உட்காருவேன். பங்களாக் குசினிக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

பாய் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு ரெண்டு மாசம் ஆனது. நேற்று மத்தியானம் லூர்து என் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரியில ஒன்னய அம்புட்டுப் பேருக்கு முன்னால அப்புடிப் பேசியிருக்கப்படாது" என்றேன்.

"அதுக்கென்ன" என்றாள்.

"இல்ல லூர்து. தப்பு என்னோடது. மன்னிச்சுரு."

பூண்டுத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள். "நீங்க பேசுன மறுநா விடியக்காலம் கோயிலுக்குப் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன்."

"நீ என்ன பாவம் பண்ணுன?"

"உப்புப் போட்டேன்னு."

எனக்குப் புரியவில்லை. நீதான் போடவில்லையே என்றேன்.

"போடலதான். ஆனா டாக்டரு சொல்றாரு, நீங்க சொல்றீக, மிஷினும் சொல்லுது. அம்புட்டுப் பேரும் பொய்யா சொல்லுவாக? ராத்திரியெல்லாம் ரோசன பண்ணேன். என்னய அறியாம எங்கையி போட்டுருச்சோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எம்புருசனுக்கு எங்கையாலேயே கெடுதி பண்ணிட்டேன்னு சாமியாருகிட்டச் சொன்னேன். அதுக்குப் பரிகாரமா அஞ்சு நாளைக்கு ஜெபமால சொல்லச் சொன்னாரு. ஒங்க கட்டிலுக்கடியில ஒக்காந்து சொன்னேன். அஞ்சு நாளும்."

"சோடான்னு தெரிஞ்ச பொறகாச்சும் போயிச் சொன்னியா, அந்தப் பாவம் ஒன்னோடது இல்லைன்னு?"

"எதுக்கு? போட்டது எங்கையிதான."

அவள் உரித்த பூண்டைத் தட்டில் குவித்தாள். நான் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த அவள் ஜெபமாலையை எடுத்தேன். அஞ்சு நாளும் இனி நான் சொல்கிறேன், அது நான் சொல்ல வேண்டியது என்றேன். அவள் அடுத்த பூண்டை எடுத்தாள். ஆரம்பித்தேன். மாலையின் முதல் பத்து மணிகூட உருட்டி முடியவில்லை. ஆறாவது மணியோடு மூச்சு போதாமல், வாய் மட்டும் அசைந்தது. லூர்து தலையைத் தூக்காமல், பூண்டை உரித்துக்கொண்டே, மீதி நாலையும் சொல்லி முடித்தாள்.